இந்த ஆற்றை ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியாச்சு

போன வாரம் நண்பர் ஒருவர் வீட்டுப் பொட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) பேச்சு எப்படியோ ஆற்றுப் பக்கம் போய்விட்டது. டல்சாவில் நான்கு தமிழர்கள் கூடினால் முதல் அரை மணி நேரம் வீட்டு விலை, அடுத்த அரை மணி நேரம் ஊரில் மனை விலை, அதற்கப்புறம் ஆற்றில் தண்ணீரைத் தேக்கிய ஜிங்க் லேக். "2007லயே ஓட்டுப் போட்டிருந்தா இதெல்லாம் எப்பவோ வந்திருக்கும். நூறு டாலருக்கு நாப்பது சென்ட் கொடுக்க மனசு வரல இந்த ஊர்க்காரனுங்களுக்கு" என்றார் நண்பர். அவர் டெக்சஸிலிருந்து இங்கே குடிவந்தது 2014இல். என் வாயில் அதிரசம் இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரத்தின் நடுவே ஆர்கன்சா ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊருக்கு மேற்கே 1964இல் கட்டிய கீஸ்டோன் அணை இருக்கிறது. மின்சாரம் தேவைப்படும்போது திறப்பார்கள், தேவை இல்லாதபோது மூடுவார்கள். காலையில் கரையைத் தொட்டு ஓடிய ஆறு, சாயங்காலம் மணல் திட்டும் நடுவில் வாய்க்காலுமாகக் கிடக்கும். நான் கரூர்க்காரன். 2000ஆம் ஆண்டு இங்கே வந்து இந்த ஆற்றை முதலில் பார்த்தபோது அப்பாவுக்கு போன் போட்டு, "இங்கயும் ஒரு மேட்டூர் இருக்குப்பா, திறந்தாத்தான் தண்ணி" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

2007 அக்டோபர் 9 அன்று டல்சா கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுக்க ஒரு ஓட்டெடுப்பு. விற்பனை வரியை 0.4 சதவீதம் ஏற்றலாமா? ஏழு வருஷத்துக்கு, மொத்தம் சுமார் 28 கோடி டாலர். ஏற்கெனவே இருக்கும் ஜிங்க் தடுப்பணையைச் சரிசெய்வது, பக்கத்து ஊர்களான சேண்ட் ஸ்பிரிங்ஸிலும் ஜெங்க்ஸிலும் புதிதாக இரண்டு தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்குவது, கரையோரம் நிலம் வாங்குவது என்று திட்டம். மக்கள் 'சரி' என்றால் தனியார் நன்கொடையாகப் பத்துக் கோடி டாலருக்கு மேல் தருகிறோம் என்று உள்ளூர் கோடீஸ்வரர் ஜார்ஜ் கைசரின் அறக்கட்டளையும் மற்றவர்களும் சொல்லியிருந்தார்கள். மேயர் கேத்தி டெய்லர் ஆதரவு, பெரிய கம்பெனிகள் ஆதரவு, டிவி முழுக்க விளம்பரம். நூற்றுக்கு 52 பேருக்கு மேல் 'வேண்டாம்' என்று குத்திவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நானும் 'வேண்டும்' கட்சிதான். ஓட்டு இல்லாத கட்சி. எச்-1பி விசாவில் கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தவன். வரி மட்டும் சுத்தமாகக் கட்டுவேன். ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் ஓக்லஹோமா சிட்டியைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 1993இல் மேப்ஸ் என்று ஒரு சதவீத வரியை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்னால் அந்த ஊர் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் புல் வளர்ந்து, அதை வருஷா வருஷம் மெஷின் வைத்து வெட்டுவார்களாம். ஆற்றுக்குப் புல் வெட்டிய ஊர், இப்போது அதே இடத்தில் படகுப் போட்டி நடத்துகிறது. நம்மால் முடியாதா என்பதுதான் பேச்சு. எனக்கும் ரோஷம் வந்தது.

நாங்கள் அரிசி பருப்பு வாங்கும் இந்தியன் ஸ்டோர்க்காரர், குஜராத்தி, அவரும் 'வேண்டும்'. ஆறு நன்றாக இருந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் ஹோட்டல் வரும் என்பார். அவருக்கு ரிவர்சைடு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டல் இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தப்பு சொல்லவில்லை. அவரவர் கணக்கு அவரவருக்கு.

'வேண்டாம்' கட்சிக்காரர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். மேற்குக் கரையில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் முப்பது வருஷம் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் என் கேன்டீன் வாதத்தை எடுத்துவிட்டேன். மெஷினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இந்த ஆற்றை ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியாச்சு. இன்னும் டெலிவரி ஆகல."

அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் அவர் சொன்னது எதை என்று தெரிந்தது. 2003இல் 'விஷன் 2025' என்ற பெயரில் 0.6 சதவீத வரியை 13 வருஷத்துக்கு இதே கவுண்டி மக்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். டவுன்டவுனில் பிஓகே சென்டர் என்ற பெரிய அரங்கம் அந்தக் காசில் வந்ததுதான். அந்தப் பொட்டலத்தில் ஆறும் இருந்தது. மேடையில் தண்ணீர் நிறைந்த ஆற்றின் படம், ஓட்டுச்சீட்டில் ஆற்றுக்குச் சின்னத் தொகை. ஜிங்க் ஏரிக் கரையை அழகுபடுத்துவதும் புதுத் தடுப்பணைகளும் அதில் இருந்தன, ஆனால் அணைகளை முழுதாகக் கட்டி முடிக்க அந்தத் தொகை போதாது. படத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்களிடம் நாலே வருஷத்தில் அதே படத்தைக் கொண்டுவந்து, இந்தத் தடவை நிஜமாகவே கட்டுவோம், இன்னும் 28 கோடி கொடுங்கள் என்றால்? அரங்கம் இன்னும் கட்டி முடியவில்லை, அதன் செலவு முதலில் சொன்னதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நேரம் வேறு. நம் ஊர் பாத்திரக் கடையில்கூட முதல் சீட்டு முடியாமல் இரண்டாம் சீட்டுக்கு ஆள் பிடிக்க மாட்டார்கள்.

சரி, அந்த நாற்பது சென்ட் கதைக்கு வருகிறேன்.

அப்போது டல்சாவில் விற்பனை வரி 8.517 சதவீதம். மாநிலத்துக்கு 4.5, நகரத்துக்கு 3, கவுண்டிக்கு 1.017. இது டிவிக்கும் சோபாவுக்கும் மட்டும் இல்லை, பாலுக்கும் முட்டைக்கும் சேர்த்து. கலிபோர்னியாவிலிருந்தோ டெக்சஸிலிருந்தோ வந்தவர்களுக்கு இது முதலில் நம்பவே முடியாது. 20 பவுண்டு சோனா மசூரி மூட்டைக்கு ஒரு டாலர் சொச்சம் வரி போட்ட ரசீதை என் மனைவி முதல் மாதம் மடித்துப் பர்சில் வைத்திருந்தாள், யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள், திருப்பிக் கேட்கலாம் என்று! ஏன் இப்படி என்றால், இந்த மாநிலத்தில் நகராட்சிகள் தங்கள் அன்றாடச் செலவுக்குச் சொத்து வரியில் கைவைக்க முடியாது. கடன் பத்திரத்தை அடைப்பது போன்ற சிலவற்றுக்குத்தான் அது. போலீஸ், தீயணைப்பு, பூங்கா என்று எது நடக்க வேண்டுமானாலும் விற்பனை வரிதான் உயிர்நாடி. பணம் வேண்டும் என்றால் கடைக்காரரின் பில் மெஷினைத்தான் தட்டியாக வேண்டும்.

எனவே நாற்பது சென்ட் பெரிதா சிறிதா என்பது கேள்வியே இல்லை. யார் கொடுக்கிறார்கள், யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான். கரையில் தண்ணீர் நின்றால் கரையோர நிலத்தின் மதிப்பு ஏறும். ஏறிய மதிப்பு நிலத்துக்காரருக்கு. அதற்கான காசை, வடக்கே கோடியில் காலின்ஸ்வில்லில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒருமுறைகூட ஆற்றுப் பக்கம் வராத ஒரு குடும்பம் பால் வாங்கும்போது கட்ட வேண்டும். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். இதைச் சொல்ல பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. என் மனைவி அந்த ரசீதை வைத்தே சொல்லிவிட்டாள்: "ஆத்தங்கரையில காபி குடிக்கிறவன் குடுக்கட்டும்."

2007இல் 'வேண்டாம்' என்றவர்கள் கருமிகள் என்றால் அடுத்த வருஷம் நடந்ததற்கு என்ன விளக்கம்? 2008 நவம்பரில் டல்சா நகரச் சாலைகளைச் சரிசெய்ய 45 கோடி டாலர் திட்டம் ஓட்டுக்கு வந்தது. ஆற்றுக்குக் கேட்டதைவிட ஒன்றரை மடங்கு பெரிய தொகை. நகரத்து மக்கள் சரி என்றார்கள். குழியில் விழுந்து எழுந்த டயர் எல்லோர் வீட்டிலும் இருந்தது. இடையில் 2007 டிசம்பர் பனிப்புயலில் மரமெல்லாம் முறிந்து, எங்கள் வீட்டில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. அந்த ஒன்பது நாளில் வெல்டர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் எங்கள் பிரிட்ஜுக்கு வந்தது. நாற்பது சென்ட் கொடுக்க மனசு வராத மனிதர்.

2016 ஏப்ரல் 5 இன்னொரு சாட்சி. முந்தைய ஆண்டுதான் குடியுரிமை வாங்கியிருந்தேன், அதனால் நான் போட்ட முதல் ஓட்டே அதுதான். அந்தத் தடவை நகரம் மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேட்டது. போலீஸ், தீயணைப்புக்குத் தனி. சாலை, பஸ்ஸுக்குத் தனி. ஆறு உள்ளிட்ட வளர்ச்சி வேலைகளுக்குத் தனி, அது மட்டும் 15 வருஷத்துக்கு. ஒன்றை வேண்டாம் என்றாலும் மற்றது நிற்கும். மூன்றும் ஜெயித்தன. முடியப்போகிற விஷன் 2025 வரியின் இடத்தில் வந்தது என்பதால் ஜனங்களுக்கு வலியும் தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2003இல் படமாகப் பார்த்த தண்ணீர் கடைசியில் அந்தக் காசில்தான் வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசி வார இறுதியில், புதுப்பித்த ஜிங்க் லேக்கைத் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே வாரம்தான் மளிகைப் பொருளுக்கு மாநிலம் போட்ட 4.5 சதவீத வரியையும் எடுத்தார்கள். உள்ளூர் வரி இன்னும் இருக்கிறது. என் மனைவிக்கு ஏரித் திறப்பைவிட அந்த ரசீதில்தான் சந்தோஷம்.

'வேண்டாம்' என்றதற்கு விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தள்ளிப்போட்ட எந்தக் கட்டுமானமும் மலிவாக முடியாது. என் பெண் சின்னவளாக இருந்தபோது ஆற்றில் மணல்தான் பார்த்தாள். அவள் காலேஜ் போன பிறகு தண்ணீர் வந்திருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2018இல் ஆற்றங்கரையில் கேதரிங் பிளேஸ் பூங்கா திறந்தது. ஜார்ஜ் கைசர் அறக்கட்டளை முன்னின்று, கம்பெனிகளும் மற்றவர்களும் சேர்ந்து, 46 கோடி டாலருக்கு மேல். அனுமதி இலவசம். அருமையான இடம், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். ஆனால் மக்கள் வேண்டாம் என்றதும் ஒரு பணக்காரர் எடுத்துக் கட்டிக் கொடுத்தது என்ற கணக்கில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நல்ல மனிதர் கிடைத்தார், சரி. ஊஞ்சல் எங்கே வர வேண்டும் என்பதை யாரும் என்னிடம் ஓட்டுக்கு விடவில்லையே. இதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

2019 மே மாதத்தைச் சொல்லாமல் விட முடியாது. மழை விடவில்லை, கீஸ்டோனிலிருந்து வினாடிக்கு 2,75,000 கன அடி திறந்தார்கள். மேட்டூரில் அந்த எண்ணைக் கேட்டிருந்தால் அப்பாவுக்குக் கை நடுங்கியிருக்கும். சேண்ட் ஸ்பிரிங்ஸையும் மேற்கு டல்சாவையும் காத்து நின்றது 1940களில் எழுப்பிய மண் கரைகள். வெல்டர் அந்த வாரம் தினமும் காரில் போய்க் கரையைப் பார்த்துவிட்டு வருவார். கசிவு இருந்தது, ஆனால் நின்றது. 2007இல் கேன்டீனில் காபிக் கடை, படகு, விளக்கு என்று எவ்வளவு பேசியிருப்போம்! அந்தக் கரைகளைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசவில்லை. 2022இல்தான் மத்திய அரசு அவற்றைப் பலப்படுத்த 13.7 கோடி டாலர் ஒதுக்கியது. தண்ணீர் இல்லாத ஆற்றை எப்படி நிரப்புவது என்று பேசிய அளவுக்கு, நிரம்பி வந்தால் என்ன செய்வது என்று பேசவில்லை என்பதுதான் அந்தக் காலத்து வாதங்கள் மேல் இன்றைக்கு என் பெரிய குறை. இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான்.

நண்பரே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒரு விஷயம். பொட்லக்கில் அவ்வளவு பேசினீர்கள், பாத்திரம் கழுவும்போது உங்கள் வீட்டம்மா சொன்னார், குடியுரிமை வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் நீங்கள் இன்னும் வாக்காளராகப் பதிவே செய்யவில்லையாம். படிவம் லைப்ரரியில் கிடைக்கிறது. சனிக்கிழமை வரும்போது எடுத்துக்கொண்டு வருகிறேன். பேனா உங்களுடையது. அதிரசம் மீதி இருந்தால் எடுத்து வையுங்கள்.