ஐஎஸ்ஓ-8859-1 என்று வந்தால் ‘தெரியவில்லை’ என்று படியுங்கள்

பழைய தமிழ்க் கோப்பு உடைந்த எழுத்தாகத் திறக்கிறது என்று யாராவது கேட்டால் போதும், ‘ஃபைல் கமாண்ட் ஓட்டுங்க, என்கோடிங்கைச் சொல்லிடும்’ என்று பதில் வந்து விழும். சொல்லாது. ஊகிக்கும், அதுவும் தமிழின் பழைய குறியேற்றங்களை (என்கோடிங், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) தெரியாமலே.

கோப்பின் வகையைச் சொல்லும் இந்த ஃபைல் கமாண்ட் என்னவோ எளியதுதான்: லினக்ஸில் சிறிய ஐ சுவிட்ச், மேக்கில் பெரிய ஐ. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் உள்ள கோப்பைக் கொடுத்தால் ஐஎஸ்ஓ-8859-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1) என்று அடித்துச் சொல்லும். 127-க்கு மேற்பட்ட பைட்டெல்லாம் 160-க்கு மேலேயே இருந்தால் அதற்கு அது லத்தீன்தான். திஸ்கியில் ஜ, ஷ போன்றவை 128-க்கும் 159-க்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் உரையில் ஒரு ‘ராஜா’ வந்துவிட்டால் பதில் ‘அன்நோன்-8பிட்’ என்று மாறிவிடும். குறியேற்றம் என்னவோ அதேதான்!

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினி இதைவிட மோசம். அதில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எல்லாமே ஆஸ்கி (127 வரையான அடிப்படை ஆங்கிலக் குறிகள்) என்பதால் ஃபைலும் ‘யுஎஸ்-ஆஸ்கி’ என்று சொல்லும், யுடிஎஃப்-8 (யூனிகோடின் இன்றைய பரவலான வடிவம்) சோதனையிலும் கோப்பு தேறிவிடும். அரைப்புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதுதான் விசை என்பதால் சொல்லுக்குச் சொல் வந்து நிற்கும்.

ஊகத்தை விட்டுச் சோதனைக்கு வாருங்கள். குறியேற்றத்தை மாற்றும் ஐகான்வ் கமாண்டில் மூலம், இலக்கு இரண்டையும் யுடிஎஃப்-8 என்று கொடுத்து, வெளியீட்டை டெவ்-நல்லுக்கு (எதையும் சேமிக்காத வெற்றிடம்) தள்ளுங்கள். தவறான பைட் இருந்தால் எத்தனையாவது இடம் என்று சொல்லி நின்றுவிடும். பெரிய கோப்புக்கு இது கட்டாயம். புதிய பதிப்பு ஃபைல், என்கோடிங்கைக் கணிக்கச் சுமார் முதல் 64 கிலோபைட்டைத்தான் பார்க்கிறது. முன்பகுதி முழுக்க ஆங்கிலமாக இருந்து, தமிழ் அதற்கப்புறம் வந்தால் ‘ஆஸ்கி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

அடுத்து பைட்டையே பாருங்கள். பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஓடி கமாண்டை பி சுவிட்சோடு ஓட்டினால் எட்டடிமான எண்கள் வரும். யுடிஎஃப்-8 தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்; 340 256 அல்லது 340 257 என்றுதான் தொடங்கும். ‘தமிழ்’ 15 பைட் ஆகும். அதே சொல் திஸ்கியில் நாலே பைட்: 276 301 242 372. கோப்பின் தொடக்கத்தில் 357 273 277 இருந்தால் யுடிஎஃப்-8-இன் பாம், அதாவது குறியேற்றத்தைக் காட்டும் முன்குறி. 377 376 என்றிருந்து, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று 013 வந்தால் யுடிஎஃப்-16 தமிழ்.

திஸ்கி என்று உறுதியானால் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தோடு வரும் ஐகான்வே மாற்றித் தரும். எல் சுவிட்ச் போட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெடோராவில் கூடுதல் பொதி ஒன்று நிறுவ வேண்டியிருக்கும். 1999 சென்னை மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் என்ற குறியேற்றங்கள் இரண்டும் அதில் கிடையாது. டாப் கோப்பைத் திஸ்கி என்று சொல்லிக் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாமல்கூட மாற்றிவிடலாம், வருவது குப்பையாக இருக்கும். பத்து வரியாவது கண்ணால் படித்துப் பார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள். வெளியீட்டை மூலக் கோப்பின் பெயருக்கே திருப்பவும் கூடாது. ஐகான்வ் படிக்கத் தொடங்குமுன்னே ஷெல் அதைக் காலி செய்துவிடும்.

ஃபைல் ‘யுடிஎஃப்-8’ என்று சரியாகச் சொல்லியும் உரை குப்பையாக இருந்தால், ஓடியில் 303 240 302 256 திரும்பத் திரும்ப வருகிறதா பாருங்கள். யுடிஎஃப்-8 கோப்பை விண்டோஸ்-1252 (லத்தீன்-1-ஐ ஒத்த விண்டோஸ் குறியேற்றம்) என்று திறந்து, மறுபடி யுடிஎஃப்-8-ஆகச் சேமித்த வேலை அது. திருப்புவது லேசில்லை. ‘க’வின் கடைசி பைட் 149, அது 1252-இல் ஒரு தடித்த பொட்டாக மாறியிருக்கும், லத்தீன்-1-க்கு மாற்றப் போனால் ஐகான்வ் அங்கே முட்டும். புள்ளியின் கடைசி பைட் 141-க்கோ 1252-இல் இடமே இல்லை. 1252-க்கு மாற்றப் போனால் முதல் மெய்யெழுத்திலேயே முட்டும். இரண்டையும் கலந்து கையாளும் பைத்தான் நிரல் எஃப்டிஎஃப்ஒய் இருக்கிறது, அதை ஓட்டுங்கள்.