இரவுப் பணியில் தனியாக இருப்பவரை நினையுங்கள்
ரத்த வங்கிப் பணியாளர்களின் வட்டாரச் சங்கம் ஆண்டுக்கொரு மாநாட்டோடு நின்றுவிடுகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரிதான். சின்ன ரத்த வங்கியில் நள்ளிரவில் தனியாளாக, நோயாளிக்கு இந்த ரத்தம் சேருமா என்று பொருத்தம் பார்ப்பவருக்கு, அரிய எதிர்ப்பொருள் (ஏற்றும் ரத்தத்தைத் தாக்கக்கூடிய புரதம்) ஏதும் தட்டுப்பட்டால் உடனே போன் போட்டுக் கேட்க ஒரு மூத்தவர் வேண்டும். அந்த எண்ணைக் கையில் கொடுப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை என்பேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் அசைத்துக்கொண்டே வைத்தாலும் பொதுவாக 5 நாள்தான் ஆயுள். பக்கத்து வங்கியில் வீணாகப்போகும் பை இங்கே ஒருவருக்கு உதவும். சங்கம் வழியே ஆள் பழக்கம் இருந்தால்தானே கேட்க முடியும்? இன்னொன்று, பிரிவு மாறி ரத்தம் ஏறுவது பெரும்பாலும் பெயர், லேபிள் குழப்பத்தால்தான். நூலிழையில் தப்பிய தவறுகளை யார் பெயரும் சொல்லாமல் பேசும் கூட்டங்களை நடத்துங்கள். செவிலியர்களையும் அழையுங்கள், கட்டிலருகே கடைசியாகச் சரிபார்ப்பவர்கள் அவர்களே.