அரசாணிக்காய்த் தோட்டத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை

இரண்டு வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குப் பிள்ளைகளோடு ஒரு பூசணித் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. போட்டோ போட்டதும் ஊரிலிருந்தும் இங்கிருந்தும் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இன்னைக்கு ஸ்கூல் லீவா?" லீவு இல்லை. எங்களுக்கு அன்றைய பள்ளிக்கூடமே அதுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில். எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம், இல்லாவிட்டால் சோயா. வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தனியார் பள்ளியாகவே கருதலாம் என்று இம்மாநில உச்ச நீதிமன்றம் 1950-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல், கலை, உடல்நலம் எல்லாம் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும். அதை எந்த வேகத்தில் செய்வது என்பது நம் பொறுப்பு. எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை என்பதும் தெரியும். என் விசாவில் வேலைக்குப் போக அனுமதி கிடையாது, அதனால் பகல் முழுக்க நான் வீட்டில் இருக்கிறேன். அந்தப் பகலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

அக்டோபரில் இங்கே சனி, ஞாயிறு எல்லாத் தோட்டத்திலும் திருவிழாக் கூட்டம். டிராக்டர் இழுக்கும் வைக்கோல் வண்டி, சோளக்காட்டுக்குள் வெட்டிய புதிர்ப்பாதை, ஆப்பிள் சைடர், டோனட். நாங்களும் முன்பு அப்படிப் போய் வந்திருக்கிறோம். ஆளுக்கொரு ஆரஞ்சுப் பூசணி, இருபது போட்டோ, வீடு. செவ்வாய்க்கிழமை அந்த இடமே வேறு மாதிரி. எங்களைத் தவிர யாரும் இல்லாததால் தோட்டக்காரம்மாவே கூட நடந்து வந்தார்.

இலையெல்லாம் சாம்பல் பூத்துக் காய்ந்து, கொடி தரையோடு தரையாகக் கிடந்தது. வரப்போரத்தில் ஒரே ஒரு கொடி மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது, அதில் இரண்டு பூ. அந்தம்மா குனிந்து காட்டினார். ஒன்று நீளமான மெல்லிய காம்பில் நின்றது. இன்னொன்றுக்குக் காம்பு கட்டை, பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு. முதலாவது ஆண் பூ, இரண்டாவது பெண் பூ. விடியும்போது விரிந்து மதியத்துக்குள் மூடிவிடுமாம், அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய். பூசணிக்கென்றே மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு தேனீ இனம் இந்த நாட்டில் இருக்கிறது. அதில் ஆண் தேனீக்கள் மூடிய பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கும். இதைக் கேட்டதும் என் மகன் ஆண் பூவின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்டான். இப்போது இருக்காது, ஜூலையில் விடியற்காலையில் வா என்றார் அவர். அந்த ஒரு பூவிடம் அரை மணி நேரம் போனது.

கையில் ஒரு பயிற்சித்தாள் கொண்டுபோயிருந்தேன். "சுற்றளவை அள, நிறத்தை எழுது" வகையறா. அதை வெளியே எடுக்கவே இல்லை. இது என் மனதில் வெகுநாளாக இருக்கிற விஷயம். பிள்ளைகளுக்கு நிறையக் காட்ட வேண்டும் என்று ஓடுகிறோம், ஒன்றையாவது முழுசாகப் பார்க்க விடுவதில்லை. பள்ளிக்கூடங்களைக் குறை சொல்லவில்லை, அறுபது பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டி வருகிற ஆசிரியருக்கு மணி பார்க்காமல் தீராது. ஆனால் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் நாமும் ஏன் அதே அவசரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

காய் பறிக்கும்போது இன்னும் கொஞ்சம் தெரிந்தது. நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, காம்பு ஒடிந்த காய் சீக்கிரம் அழுகும். அப்புறம், அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு வாசலில் வைக்கக் குடைகிற ஆரஞ்சுக் காய் வேறு, டின்னில் அடைக்கிற காய் வேறு. டின்னுக்குப் போவது டிக்கின்சன் என்ற வகை, மங்கலான பழுப்பில் நீளவாட்டில் இருக்கும். எங்கள் பக்கத்து ஊர் மார்ட்டன், 'உலகத்தின் பூசணித் தலைநகர்' என்று சொல்லிக்கொள்வது அந்தக் காயை நம்பித்தான். அதை வெட்டிப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கோயமுத்தூர்ப் பக்கம் நாங்கள் அரசாணிக்காய் என்று சொல்கிற காயும் இதுவும் ஒரே இனம்! குடைகிற காய்தான் வேற்றினம், நாரும் தண்ணீருமாக இருக்கும். மெக்சிகோவில் ஒரு குகையில் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய பூசணி விதை கிடைத்திருக்கிறது. இந்தக் கண்டத்துக் காய் கப்பலேறி நம்மிடம் வந்த கதை அதன் இன்னொரு பெயரான 'பரங்கிக்காய்' என்பதிலேயே இருக்கிறது, பரங்கி என்றால் வெள்ளைக்காரர். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ இது நம்ம ஊருக்குப் போயிட்டு வந்த காயாம்மா?" என்றாள். நாங்கள் போய் வருகிற மாதிரியே கேட்டாள்.

வீட்டுக்கு வந்த காய் பதினான்கு பவுண்டு. 2.2-ஆல் வகுத்து ஆறு கிலோ சொச்சம் என்றாள் மகள். விதை எத்தனை இருக்கும் என்று பந்தயம்: அவள் ஆயிரம், தம்பி நூறு. மஃபின் தட்டில் பத்துப் பத்தாகப் போட்டு எண்ணியதில் 437. கை வழுக்கிக் கை வழுக்கி அதற்கே ஒரு சாயங்காலம் ஆனது. பாதி விதையை உப்புப் போட்டு வறுத்தோம். சதையில் ஒரு நாள் பொரியல், ஒரு நாள் புளிக்குழம்பு, ஒரு நாள் வெல்லம் போட்டு அல்வா. மகன் இரண்டாம் தடவை பொரியல் கேட்டு வாங்கினான். அதே வாரம் தெருவில் வாசலுக்கு வாசல் குடைந்து வைத்த பூசணிகள் அழுகத் தொடங்கிவிட்டன. எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, குடைந்தெடுக்கும் விதையையாவது வறுத்துத் தின்னுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் ஆண் பூ, பெண் பூ கதையைப் படம் வரைந்து காட்டினாள். அம்மா சிரித்தார். "மார்கழியில சாணிப் பிள்ளையாருக்கு வைக்கறதுக்கு நீளக் காம்புப் பூவைத்தான் பறிப்போம் கண்ணு. கட்டைக் காம்புல கைய வெச்சா எங்க ஆத்தா அடிக்கும், பிஞ்சு போயிரும்னு." மகள் நோட்டை எடுத்து, "அம்மிச்சி, மறுபடி மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.