பூத்தை இர்விங் விரட்டவில்லை

“லிங்கனைச் சுட்டவனின் அண்ணன் என்பதால் அமெரிக்க நடிகர் எட்வின் பூத்தைத் தம் லண்டன் அரங்கில் ஏற்ற மறுத்தார் ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. அண்ணன் என்பது மட்டுமே அதில் உண்மை.

லண்டனில் வேறோர் அரங்கில் பூத்துக்கு எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. 1881 மே மாதம் அவருக்குத் தம் லைசியம் அரங்கைத் திறந்துவிட்டவரே இர்விங்தான். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் ஒத்தெல்லோ, இயாகோ வேடங்களை இருவரும் மாற்றி மாற்றி ஏற்றார்கள். நாயகி டெஸ்டிமோனாவாக நடிகை எலன் டெரி. சொந்த அரங்கில் போட்டியாளருக்குச் சரிபாதி கொடுக்க எத்தனை நடிகர்களுக்கு மனம் வரும்?

டெரியின் தன்வரலாறு (1908) குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.