வழிகாட்டி சாகத்தான் வேண்டுமா?
"வழிகாட்டி இறந்தால்தான் சிறுவர் நாவலின் நாயகன் வளர முடியும்" என்று ஒரு கட்டுரையில் வந்த வரியை ஏற்க முடியவில்லை. 1937இல் வந்த 'தி ஹாபிட்' நாவலில், நாயகன் பில்போவுக்கும் அவனுடன் பயணிக்கும் குள்ளர்களுக்கும் வழிகாட்டியான மந்திரவாதி காண்டால்ஃப் சாகவில்லை; 7ஆம் அத்தியாய முடிவில், மிர்க்வுட் காட்டின் விளிம்பில் விடைபெற்றுப் போகிறார், அவ்வளவுதான். அதுவரை ட்ரோல் என்னும் அரக்கர்களைக் குரல் மாற்றிப் பேசி ஏமாற்றியதும், கோப்ளின் என்னும் கொடிய பூதங்களின் குகையில் குள்ளர்களை மீட்டதும் அவரே. அவர் போன அடுத்த அத்தியாயத்திலேயே பில்போ தனியாக ஒரு சிலந்தியைக் கொன்று தன் வாளுக்குப் பெயர் வைக்கிறான். 9ஆம் அத்தியாயத்தில் 13 குள்ளர்களையும் பீப்பாய்களில் அடைத்துச் சிறையிலிருந்து தப்பவைக்கிறான். இன்னொரு அழகான நுணுக்கம்: "பாதையை விட்டு விலகாதீர்கள்" என்று அவர் எச்சரித்துப் போனதை மீறியதால்தான் சிலந்திகளிடம் சிக்குகிறார்கள். ஆள் இல்லை, சொல் மட்டும் கதையை நகர்த்துகிறது! வழிகாட்டியின் எடையை அளக்க அவர் வரும் பக்கங்களை எண்ணிப் பயனில்லை. அத்தியாயம்தோறும் சிக்கலைத் தீர்த்தது யார் என்று ஓரத்தில் குறித்து வாருங்கள், அந்தப் பெயர் எங்கே மாறுகிறது என்று தெரிந்துவிடும். "பிறகு ஏன் திரும்பி வருகிறார்?" என ஒருவர் கேட்டிருக்கிறார். 16ஆம் அத்தியாயத்தில் வந்ததும் அவர் முதலில் செய்வது, குள்ளர்கள் உயிராய் மதிக்கும் ஆர்க்கன் கல் என்னும் மணியைச் சமாதானத்துக்காக எதிர்த்தரப்பிடம் துணிந்து ஒப்படைத்த பில்போவின் முதுகில் தட்டிப் பாராட்டுவது.