கேட்காமலே முளைக்கும் புரோப்பர்ட்டி

புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒப்ஜெக்ட், அதாவது தகவல்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம், உண்டாக்குவதில் எனக்குக் கோபம் இல்லை. இணையத்தளங்கள் எழுதும் பிஎச்பி மொழியில் ஒரு அரேயை (தகவல் வரிசையை) அப்படியே ஒப்ஜெக்டாக மாற்றலாம். எஸ்டிடி கிளாஸ் (stdClass) என்ற வெறும் பொட்டலம் ஒன்றை எடுத்து வேண்டியதையெல்லாம் அதற்குள் செருகலாம். ஒப்ஜெக்டுக்கு வார்ப்பாக இருக்கும் கிளாஸின் பெயரையே ஒரு வேரியபிளில் வைத்து, நியூ போட்டு ஒப்ஜெக்ட் எடுக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் நான் கேட்காத இடத்திலும், எழுத்துப் பிழை விட்ட இடத்திலும், மூச்சுக் காட்டாமல் புதிய புரோப்பர்ட்டி (ஒப்ஜெக்டுக்குள் பெயர் போட்டு வைக்கும் தகவல்) ஒன்றைப் பெற்றுப் போடுகிறதே, அதுதான் விசரைக் கிளப்புகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸுக்கு முற்பதிவு செய்யும் பழைய தளம் ஒன்று இப்போது என் தலையில். அதில் ரிக்கெற் கிளாஸில் கட்டணத்துக்கு ஒரு புரோப்பர்ட்டி. பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தவர், வட்டுக்கோட்டையை நாங்கள் எழுதுவதைப் போல இரண்டு ‘டி’ (d) போட்டு வைத்திருக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர் தமிழ்நாட்டு முறையில் இரண்டு ‘ரி’ (t) போட்டுவிட்டார். அவ்வளவுதான். தள்ளுபடி கழித்த தொகை ‘ரி’ கட்டணத்தில் போய்க் குந்திக்கொள்கிறது. ரசீது ‘டி’ கட்டணத்தை அச்சடிக்கிறது. எரர் இல்லை, வோர்னிங் இல்லை, லொக்கில் ஒரு வரிகூட இல்லை. கோல் எடுத்து ஏசுகிற பயணிதான் எங்கள் எரர் மெசேஜ்!

ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஒப்ஜெக்டும் இதே கூத்துத்தான் ஆடும். புதிதாக எதையும் சேர்க்க விடாமல் சீல் பண்ணி, கண்டிப்பான ‘ஸ்ட்ரிக்ட் மோடிலும்’ ஓடினால்தான் அது வாய் திறக்கும்.

சரி, பிஎச்பிக்காரர்களுக்கும் ஒருவழியாகப் புத்தி வந்தது. முன்பெல்லாம் நல் (null), அதாவது வெறுமையாக இருக்கும் வேரியபிளுக்குப் புரோப்பர்ட்டி கொடுத்தால், தானே ஒரு எஸ்டிடி கிளாஸை உண்டாக்கி, அதிகம் போனால் ஒரு வோர்னிங்கோடு கதையை முடித்துவிடும். 2020இல் வந்த பிஎச்பி 8.0 அதை நேரடி எரர் ஆக்கியது. 2022 டிசம்பரில் வந்த 8.2, கிளாஸில் அறிவிக்காத புரோப்பர்ட்டியை உண்டாக்கினால் ‘இது கைவிடப்பட்ட வழக்கம்’ என்று எச்சரிக்கிறது. எஸ்டிடி கிளாஸுக்கு விலக்கு உண்டு. அது அதற்கென்றே இருப்பது, நியாயம்தான்.

எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்? பெயரில் பிழை என்றால் திருத்த வேண்டும்; இல்லையென்றால் கிளாஸைத் திறந்து, புரோப்பர்ட்டியை டைப்போடு (எண்ணா எழுத்தா என்ற வகையோடு) ஒரு வரியில் அறிவிக்க வேண்டும். ஒரே ஒரு வரி! எங்கள் பெடியள் செய்வது என்ன தெரியுமா? எரர் ரிப்போர்ட்டிங்கைப் பூச்சியம் ஆக்கி எச்சரிக்கையின் வாயையே அடைப்பது. கொஞ்சம் விவரமானவர்கள் என்றால், எல்லா கிளாஸுக்கு மேலும் ‘அலவ் டைனமிக் புரோப்பர்ட்டீஸ்’ என்ற அட்ரிபியூட்டை, அதாவது அறிவிக்காததையும் அனுமதி என்று சொல்லும் குறிப்பை, ஒட்டிவிடுவது. கேட்டால் பதில் தயார்: “அண்ணை, சைட் ஓடுதுதானே?”

ஓடுது தம்பி, ஓடுது. பிழையான காசை வாங்கிக்கொண்டு ஓடுது.

பதிப்பு 9 வரும்போது இதை முழு எரர் ஆக்குவதாகத் தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன். ஆனால் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்: அந்த அட்ரிபியூட்டை ஒட்டிவைத்த கிளாஸ்களுக்கு அப்போதும் விலக்கு உண்டாம்.