டிரைவர் போடாமல் தந்த லெப்டொப்

கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விண்டோஸ் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். வெள்ளவத்தைக்கு வந்து திறந்தால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. வெளிச்சம் குறைக்கிற பட்டையையே காணவில்லை, இரவில் கண் கூசுகிறது. இரவில் திரையின் நீல வெளிச்சத்தைக் குறைக்கிற நைட் லைட்டும் மங்கிப்போய் அழுத்த முடியாமல் கிடக்கிறது. எச்டிஎம்ஐ வயரைக் கொழுவினால் மற்றத் திரையில் ஒன்றும் வருவதில்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டுகிற டிவைஸ் மெனேஜரில் பார்த்தால் ‘மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருக்கிறது. சரியான டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தானாகப் பயன்படுத்துவது அது. அதாவது, திரைக்குப் படம் அனுப்புகிற பாகத்தை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரே போடவில்லை!

கடைக்கு எடுத்துச் சொன்னால், “ஸ்கிரீன் பழுது, மாத்த வேணும்” என்கிறார்கள். என்ன அநியாயம் இது? விவரம் தெரியாதவர் என்றால் காசைக் கொட்டியிருப்பார். அப்புறம், மொடல் நம்பரைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. காசு வாங்குகிறவர்கள் இதையும் செய்து தரக்கூடாதா?